ஸ்க்ரோல் சா: பிளேடு கோட்டை விட்டு விலகுவது ஏன்? மறக்கக்கூடாத டிப்ஸ் இதோ!

பலகையில் பெயர், பூ, பறவை என நுணுக்கமாக அறுக்க உதவும் சிறிய மெஷின்தான் ஸ்க்ரோல் சா. இதைப் பொழுதுபோக்காகக் கற்பவர்கள் அனுபவசாலிகளிடம் அடிக்கடி கேட்பது: ‘நேராகத் தள்ளினாலும் பிளேடு ஏன் ஒரு பக்கமா இழுக்குது?’

காரணம் உங்க கை இல்லை. தயாரிப்பின்போது பல பிளேடுகளின் ஒரு பக்க விளிம்பில் மெல்லிய பிசிறு தங்கிவிடும். அந்தப் பக்கம் கூடுதலாக அறுக்கும். பலகையைச் சற்று கோணலாகத் திருப்பித் தள்ளினால் போதும், கோடு பிடிபட்டுவிடும்.

இதையும் கவனிங்க:

* பிளேடின் பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும்.
* பிளேடு தளர்வாக இருந்தால் வளையும், இறுக்கிவிட்டு அறுக்கவும்.
* நடுப்பகுதியை அறுக்க, முதலில் டிரில்லில் துளை போட்டு அதன் வழியே பிளேடை மாட்டவும்.
* மரம் கருகுதா? மேலே பேக்கிங் டேப் ஒட்டினால் குறையும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், மரத்தூள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்துள்ளது. மெஷினில் இருக்கும் புளோயர் கோடு தெரியத் தூளை ஊதித் தள்ளுமே தவிர, அறையை விட்டு அகற்றாது. தூள் உறிஞ்சும் வேக்குவம், என்95 மாஸ்க், கண்ணாடி இல்லாமல் சுவிட்சைப் போட வேண்டாம்.