விடுமுறையில் சாச்சி வீட்டுக்கு



பாடசாலை விடுமுறை விட்டதும் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி, “வாப்பா, எங்கே போகிறோம்?” என்பதுதான். நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ ஊர் பார்க்கப் போவதில் தவறில்லை. ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு அவர்களுடைய உம்மம்மாவின் கூடப்பிறந்த தங்கையின் முகம் தெரியுமா? என் பிள்ளைகளுக்கு 2017ஆம் ஆண்டு டிசம்பர் வரை தெரியாது. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் மாமியின் ஊர் மன்னார் எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை வெளியேற்றியபோது, மாமியும் அவரது தங்கையும் படகில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தவர்கள். என் மனைவிக்கு அப்போது ஐந்து வயது. புத்தளத்தில் ஒரே ஓலைக் கொட்டிலில் இரண்டு குடும்பமும் ஒரு பானையில் சமைத்து உண்டது. யுத்தம் முடிந்த பிறகு, 2011இல் சாச்சி ஊர் திரும்பினார். மாமி எங்களோடு புத்தளத்திலேயே இருந்துவிட்டார்.

அடுத்த ஆண்டு, வீட்டுத்திட்ட உதவி கிடைத்ததும் சாச்சி தம் தாயாரின் காணியில் கல்வீடு கட்டினார். “என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா?” என்றார் மாமி. அதோடு பேச்சு நின்றது. பசியிலும் அகதி முகாமிலும் பிரியாத இருவரை ஒரு துண்டுக் காணி ஐந்து வருடம் பிரித்து வைத்தது.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை நோன்பு மாதத்தில் வருவதால், அப்போது தூரப் பயணம் சிரமம். வருட இறுதி விடுமுறைதான் எங்களுக்கு வாய்த்தது. ஒரு வேனைப் பேசிவிட்டு, முதல் நாள்தான் மாமியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இரவு பார்த்தால், சாக்கில் இருபது தேங்காய் கட்டி வாசலில் வைத்திருந்தார். “அங்கே தேங்காய் நல்ல விலையாம்” என்றார். வேறு என்ன பதில் வேண்டும்?

வில்பத்துக் காட்டினூடாக உள்ள பழைய பாதையால் போனால் ஏறத்தாழப் பாதித் தூரம்தான். அதைத் திறப்பதா மூடுவதா என்று வழக்கும் வாதமும் நெடுநாளாக நடந்தன. நாங்கள் நொச்சியாகம, அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்றியே போனோம். ஏறத்தாழ 200 கிலோமீற்றர்.

புறப்படும்போது மனைவி கேட்டார்: “லுஹரையும் அஸரையும் வீட்டிலேயே சேர்த்துத் தொழுதுவிட்டுப் போனால் என்ன?” பல சகோதரிகள் கேட்கும் கேள்வி இது. சேர்த்துத் தொழுவதும் சுருக்கித் தொழுவதும் பிரயாணிக்குரிய சலுகை. ஊர் எல்லையைத் தாண்டிய பிறகே ஒருவர் பிரயாணி ஆகிறார். போய்ச் சேரும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக, முழுதாக நான்கு நாள் தங்கும் எண்ணத்தோடு போனால், ஷாபிஈ மத்ஹபின்படி அங்கு சேர்ந்ததும் அச்சலுகை முடிந்துவிடும். இன்னொன்று: பெண்கள் தொழவும் வுழூச் செய்யவும் வசதியுள்ள பள்ளிவாசல் வழியில் எது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். ஆண்களாகிய நாங்கள் இதை நினைப்பதே இல்லை. மதவாச்சிக்கு அப்பால் என் மகள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் நானும் படித்துக்கொண்டேன்.

மதவாச்சியில் மாமி வாய் திறந்தார். யுத்த காலத்தில் அங்கே வாகனத்தை விட்டிறங்கி, சாமான்களைச் சுமந்து, சோதனை முடித்து வேறு வாகனம் ஏற வேண்டியிருந்ததைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். முருங்கனைத் தாண்டக் கட்டுக்கரைக் குளமும் அதன் கீழ் வயல்களும் மழையில் நிறைந்து கிடந்தன. மன்னார்ப் பாலத்தில் ஏறியதும் பிள்ளைகளுக்குத் தெருவில் திரியும் கழுதைகள்தான் பெரிய புதினம். மாமி மட்டும் முந்தானையை வாயில் வைத்தபடி கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சாச்சி வாசலில் நின்றார். “ராத்தா, மெலிஞ்சி போனீங்களே!” என்றார். மாமி, “தேங்காய்ச் சாக்கை இறக்கச் சொல்லு” என்றார். அவ்வளவுதான். பிறகு இருவரும் குசினிக்குள் போய்விட்டார்கள். நண்டுக் குழம்பு வாசம் வந்தது. சத்தம் எதுவும் வரவில்லை.

பங்குக் கணக்கு எனக்குத் தெரியும். கேட்டால் சொல்லலாம் என்று மனசுக்குள் தயாராகத்தான் போனேன். யாரும் கேட்கவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன். ஓர் ஆலிமுக்கு அதுவும் இலேசான காரியமல்ல. பதிலுக்குப் பதில் உறவு பாராட்டுபவர் உறவைச் சேர்ப்பவரல்லர், முறித்தவரோடு சேர்பவரே என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை நான் எத்தனையோ ஜும்ஆவில் ஓதியிருக்கிறேன். மாமி பள்ளிக்கூடமே அதிகம் போகாதவர்.

விருந்து மூன்று நாள் என்பதும் நபிமொழிதான். நாங்கள் ஏழு பேர். அதனால் இரண்டு இரவோடு புறப்பட்டோம். போகும் முன்பே தொலைபேசியில் எண்ணிக்கையைச் சொல்லி, அரிசியும் மீனும் வாங்க ஒரு தொகையைச் சாச்சியின் மகனிடம் கொடுத்துவிட்டேன். திடீரென்று பத்துப் பேராகப் போய் இறங்குவது அந்த வீட்டுப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம், சகோதரிகளே.

இரண்டாம் இரவு, வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணற்றடியைக் காட்டி, “இந்தப் பக்கம் உங்களுக்கென்றுதான் ராத்தா விட்டு வைத்திருக்கிறேன்” என்று சாச்சி சொன்னாராம். மாமி அதை வரும் வழியில், அநுராதபுரம் தாண்டிய பிறகுதான் எங்களிடம் சொன்னார். காணி இன்னும் எழுதிப் பிரிக்கப்படவில்லை. ஆனால் அடுத்த நோன்புப் பெருநாளைக்கு இரண்டாம் நாள், கருவாட்டுப் பொட்டலத்தோடு சாச்சி எங்கள் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினார்.