பூட்டும் கள்ளத் திறவுகோலும்

போதைப்பொருளுக்கு அடிமையானவனைக் கண்டால், “மனவுறுதி அற்றவன், நினைத்தால் விட்டுவிடலாமே” என்று கூறிவிடுகிறோம். இத்தீர்ப்பு முற்றும் பொருந்தாது என்பதை உணர்த்தியவர்களுள் ஓர் ஆராய்ச்சி மாணவியும் ஒருவர்.

1972ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலே, பேராசிரியர் சொலமன் ஸ்னைடரின் கீழ்க் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்தார் கன்டஸ் பேர்ட். அபினியிலிருந்து பெறப்படும் மோர்பீனை ஏற்கும் தனியிடங்கள் மூளைக் கலங்களில் உண்டென அறிஞர் ஊகித்திருந்தனர். எனினும் ஐயமறக் காட்டினாரில்லை. பேர்ட்டின் முதல் முயற்சிகளும் பயனளிக்கவில்லை. பின்னர் அவர், மோர்பீனின் செயலை முறிக்கும் நலொக்சோன் என்னும் மருந்தைக் கதிர்வீச்சுடைய வடிவிற் பெற்று, எலி மூளையின் இழையத்தோடு சேர்த்துப் பார்த்தார். மருந்து அங்கே பற்றிக்கொண்டது. 1973இல் இம்முடிவு வெளியாயிற்று.

அவ்விடங்களை ‘வாங்கிகள்’ என்பர். வாங்கியைப் பூட்டென்றும் மோர்பீனைத் திறவுகோலென்றும் கொள்வோம். நலொக்சோன் பூட்டினுள் நுழையும், ஆனால் திறவாது, மோர்பீனையும் நுழைய விடாது.

அபினிக்கென மூளையிற் பூட்டு அமைந்தது ஏன்? 1975இல் ஸ்கொத்லாந்தின் அபடீன் நகரில், ஜோன் ஹியூஸ், ஹான்ஸ் கொஸ்டர்லிட்ஸ் ஆகிய இருவரும், மோர்பீனைப் போலத் தொழிற்படும் பொருள்களை மூளை தானே ஆக்குகின்றது எனக் கண்டனர். ஆகவே போதைப்பொருள், நமது உடலின் பூட்டைத் திறக்கும் கள்ளத் திறவுகோலாகும். அதனைப் பலகாலும் பாவித்தால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் உடல் பெரிதும் வருந்தும். அந்நிலையில் அறிவுரை மட்டும் போதாது; வைத்தியமும் வேண்டும்.

அளவு மிஞ்சிய ஹெரோயின் மூச்சை அடக்கிக் கொல்லும். உரிய வேளையில் நலொக்சோன் கொடுத்தால் மூச்சு மீளும். ஆய்வுகூடத்திலே பூட்டைக் காட்டிய மருந்தே வீதியிலே உயிரையும் காக்கின்றது. அதே பால்டிமோரின் சுகாதாரத் திணைக்களம், 2004 முதல், போதைப்பொருள் பாவிப்போருக்கும் அவர்தம் உறவினருக்கும் அதனைக் கொடுக்கும் முறையைக் கற்பிக்கத் தொடங்கிற்று. மூக்கினுள் விசிறும் நலொக்சோனை வைத்தியரின் சீட்டின்றி விற்க 2023இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. அதன் பயன் சிறிது நேரமே நிற்குமாதலால், நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதும் இன்றியமையாதது.

பேர்ட் 2013இற் காலமானார். அவர் காட்டிய பூட்டு நம் ஒவ்வொருவர் மூளையிலும் உண்டு. நேயர்களே, மயங்கிக் கிடப்பவனைக் கண்டு “தானே தேடிய வினை” என விலகுமுன், அவனுக்கு மூச்சு வருகின்றதா என்று குனிந்து பார்ப்போமாக.