பள்ளிக்கரணை: மழைத்தண்ணி எங்க போய் நிக்கும்?

பறக்கும் ரயில்ல வேளச்சேரி பக்கம் போறவங்க, பெருங்குடி ஸ்டேஷன் வரும்போது ஒரு நிமிஷம் போனைக் கீழே வச்சுட்டு வெளியே பாருங்க. நாணல், தேங்கின தண்ணி, அங்கங்க கொக்கு. தள்ளி ஒரு குப்பை மேடு. அதுக்கும் பின்னால ஓஎம்ஆர் கட்டடங்கள். நம்மில் பாதிப் பேர் பிளேஸ்மென்ட் கிடைச்சு அங்கேதான் போகப் போறோம். அதனால அந்த நாணல் காட்டைப் பத்தித் தெரிஞ்சுக்கறது நமக்கே நல்லது.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, சேலையூர், செம்பாக்கம், மடிப்பாக்கம், நாராயணபுரம் மாதிரி ஏரிகளை நிரப்பிட்டு, கடைசியில் பள்ளிக்கரணைக்குத்தான் வருது. 10 செ.மீ. மழைன்னு வைங்க. மொத்தம் 2.5 கோடி கன மீட்டர் தண்ணீர், அதாவது ஒரு டிஎம்சிக்குக் கொஞ்சம் குறைவு. 1960களில் சதுப்பு நிலம் சுமார் 5,500 ஹெக்டேர் இருந்தது. அத்தனை தண்ணியும் அதில் பரவி நின்னாலும் ஆழம் 45 செ.மீ. தான், முழங்கால் அளவு. இப்போ காப்புக்காடா இருக்கிறது சுமார் 700 ஹெக்டேர். அதே தண்ணிய அதுல ஊத்திப் பாருங்க: மூன்றரை மீட்டர். ஒரு மாடி உயரம்! நிஜத்தில் அப்படி நிக்காது. கொஞ்சம் மண்ணுக்குள்ள இறங்கும், கொஞ்சம் ஏரியில தங்கும், ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் போகும். ஆனா மடுவு ஒரு குறுகலான வாய். வடியறதைவிட வேகமா வந்து சேர்ற தண்ணி, பக்கத்துத் தெருக்குள்ள ஏறும். 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் நடந்ததுல இதுக்குப் பெரிய பங்கு உண்டு.

இவ்வளவு நிலம் எப்படிப் போச்சு? இப்படித் தண்ணி வந்து நின்னு வடியற தாழ்வான நிலத்துக்குத் தமிழ்ல கழிவெளி, கழுவெளின்னு தனிப் பேரே இருக்கு. அரசுப் பார்வையில அது வெறும் தரிசு நிலம். யாருக்கும் பயன்படாத இடம்னு ஒரு பேர் வச்சாச்சுன்னா, மத்தது தானா நடக்கும். ஒரு பக்கம் மாநகராட்சிக் குப்பை கொட்டியது. நடுவில் ரோடு போனது. கடல் தொழில்நுட்பமும் காற்றாலையும் ஆராயும் மத்திய அரசு நிறுவனங்கள்கூட இதன்மேலதான் எழும்பின. பிறகு ஐடி நிறுவனங்கள், அபார்ட்மென்ட்கள்.

எதிர்ப்பு முதல்ல பறவை ஆர்வலர்களிடமிருந்து மட்டும் வரலை. எரியும் குப்பையோட புகையைத் தினமும் சுவாசிச்ச குடியிருப்போர் சங்கங்கள் 2000களின் தொடக்கத்தில் இறங்கின. மனு, வழக்கு, ஆர்ப்பாட்டம் எல்லாம் நடந்தது. ஆனா அசைச்சுப் பார்த்தது கணக்கெடுப்புதான்னு நான் நினைக்கிறேன். ஜெயஸ்ரீ வெங்கடேசனின் கேர் எர்த் அமைப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக இந்த நிலத்தை ஆய்வு செஞ்சது. எங்கே என்ன செடி, என்ன மீன், என்ன பறவைன்னு எழுதி வச்சாங்க. பறவையினங்கள் மட்டுமே நூறைத் தாண்டின. 'தரிசு'ன்னு எழுதின இடத்துல இவ்வளவு உயிர் இருக்குன்னு காகிதத்துல காட்டினதும் பேச்சு மாறிச்சு. 2007ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022ல் 1,247 ஹெக்டேர் ராம்சார் தலமானது. 2025ல் ஜெயஸ்ரீக்கு ராம்சார் விருதும் கிடைச்சது.

சுபம் போட்டுடலாமா? இல்லை. அந்த 1,247ல் காப்புக்காடு போக மீதி சுமார் 550 ஹெக்டேர். அது எந்தெந்த சர்வே எண்ணில் இருக்குங்கறதுதான் இப்போ சண்டை. அதோட, 2017 ஈரநில விதிகள்படி சதுப்பு நிலத்தைச் சுற்றி அதைப் பாதிக்கக்கூடிய பகுதியையும் வரையறுக்கணும். அது முடியும்வரை 1 கிலோமீட்டருக்குள் புதுக் கட்டட அனுமதி கூடாதுன்னு 2025 செப்டம்பர்ல பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. பெரிய பில்டர்களுக்கு அது லாப நஷ்டம். ஆனா அதே 1 கிலோமீட்டருக்குள் வங்கிக் கடன்ல ஒரு மனை வாங்கி, பட்டாவோட காத்திருக்கிறவங்களும் இருக்காங்க. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. எல்லையைக் காலத்தோட வரையாததுக்கு அவங்க வட்டி கட்டறாங்க. சதுப்பு நிலமோ நாளாக நாளாகச் சுருங்குது. ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒரே பொருள்: தரையில் நட்ட எல்லைக் கல்.

சிவில் பசங்களுக்கு இதுல நிஜமாவே வேலை இருக்கு. உங்க ஊர் ஏரியையோ கழிவெளியையோ எடுத்துக்கோங்க. பழைய டோபோஷீட்ட ஜியோரெஃபரன்ஸ் பண்ணி, கூகுள் எர்த்தோட பழைய படங்கள் மேல வச்சுப் பாருங்க. எங்கே கோடு உள்ளே நகர்ந்திருக்கோ, அந்த சர்வே எண்ணோட 'ஏ' பதிவேட்டு நகலையும் புலப்படத்தையும் தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினாப் போதும். 30 நாள்ல பதில் வரணும். வரலைன்னா மேல்முறையீடு இருக்கு. அப்படியே தெருவுல பெரியவங்க யாராவது இருந்தா, பழைய கலங்கல் எங்க இருந்ததுன்னு கேட்டு வைங்க. மேப்ல வராத வாய்க்கால் பல அவங்க ஞாபகத்துல இருக்கும்.