அறுபதும் நாற்பதும்

மும்பை டிராம்பே சீத்தா கேம்ப்பிலிருந்தும் மான்கூர்டிலிருந்தும் ராணுவ ஆள்சேர்ப்புக்கு, அதாவது பர்த்திக்கு, கிளம்பும் பையன்களில் இரண்டு வகை உண்டு. ஒருவன் விடியுமுன் எழுந்து ஓடுவான், இரும்பைத் தொடமாட்டான். இன்னொருவன் சாயங்காலம் ஜிம்மே கதியென்று கிடப்பான், பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடமாட்டான். இருவரும் போய் நிற்கப்போவது ஒரே மைதானத்தில்தான். அங்கே இரண்டுக்கும் மதிப்பெண் இருக்கிறது.

அக்னிவீர் ஜெனரல் டியூட்டிக்கான உடல் தகுதித் தேர்வுக்கு 100 மதிப்பெண். ஓட்டத்துக்கு 60, பீமுக்கு 40. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு அறுபதும் கிடைக்கும். 5 நிமிடம் 45 வினாடிக்குள் என்றால் 48. பீமைப் பிடித்துப் பத்துத் தடவை உடம்பைத் தூக்கினால் 40, ஒன்பதுக்கு 33, எட்டுக்கு 27, ஏழுக்கு 21, ஆறுக்கு 16. ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டுவதற்கும் வளைந்து போகும் கட்டையில் விழாமல் நடப்பதற்கும் மதிப்பெண் கிடையாது, தேறினால் போதும். அண்மையில் ஓட்டத்துக்கான கெடுவை ஆறேகால் நிமிடம் வரை தளர்த்தியிருக்கிறார்கள். தாமதத்துக்கு ஏற்ப மதிப்பெண் குறையும். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படித்துவிடுங்கள். ராணுவக் காவல் பிரிவுக்குப் போகும் பெண்களுக்குப் பீம் கிடையாது, 1.6 கிலோமீட்டர் ஓட்டமும், பத்தடி நீளத் தாண்டலும், மூன்றடி உயரத் தாண்டலும் உண்டு.

கணக்கைப் பாருங்கள். ஓட்டத்தில் ஐந்தரை நிமிடத்தைத் தாண்டி ஒரு பிரிவு கீழே போனால் இழப்பது 12. பீமில் இரண்டு குறைந்தால் இழப்பது 13. ஓட்டத்தில் பத்து வினாடி குறைக்க மாதக்கணக்கில் மூச்சு வாங்கும் பையன், பீமில் எட்டோடு நின்றுவிடுகிறான். எட்டைப் பத்தாக்குவது பெரும்பாலும் அதைவிடச் சுலபம்.

“ஓடினா சதை கரைஞ்சிடும்டா” என்று ஜிம்மில் பயமுறுத்துவார்கள். அந்தப் பேச்சுக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. 1980இல் அமெரிக்காவின் ராபர்ட் ஹிக்சன் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு குழு எடைப் பயிற்சி மட்டும் செய்தது, ஒரு குழு ஓட்டமும் சைக்கிளும் மட்டும், மூன்றாவது குழு இரண்டையும். பத்து வாரம். மூன்றாவது குழுவின் மூச்சுத் திறன் ஓடியவர்களுக்குச் சமமாகக் கூடியது. பலமோ ஏழெட்டு வாரம் ஏறிவிட்டு, கடைசியில் இறங்கத் தொடங்கியது.

ஆனால் அவர்கள் செய்த அளவை யாரும் சொல்வதில்லை. வாரத்தில் ஐந்து நாள் எடை, ஆறு நாள் ஓட்டமும் சைக்கிளும், அதுவும் முழு மூச்சோடு. அளந்ததும் கால் பலத்தை. ஓடிக் களைத்த அதே காலை எடைக்கும் வதைத்தால் அது எப்போது தேறும்? பீம் ஏறுவது கையும் முதுகும். ஓட்டம் அவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை, ஆகவே நம் பையன்களுக்கு இந்த மோதல் பாதிகூட இல்லை. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2022இல் வெளிவந்த ஷூமன் குழுவின் அலசலும், இரண்டையும் சேர்த்துச் செய்வதால் தசையின் பருமனோ பலமோ குறைவதில்லை என்கிறது. ஒரே வேளையில் இரண்டையும் செய்தால் வெடித்துக் கிளம்பும் வேகம் மட்டும் சற்று அடிபடுகிறது. நமக்கு அந்த வேகம் தேவைப்படும் இடம் ஒன்பது அடிப் பள்ளம். அதற்கான தாண்டல் பயிற்சியை நீண்ட ஓட்டத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள். கால் புதிதாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

ஐந்தரை நிமிடம் என்பது 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு எண்பத்திரண்டரை வினாடி வீதம் நான்கு சுற்று. தினமும் 1600 மீட்டரை முழு வேகத்தில் ஓடிப் பார்ப்பவன் தினமும் பரீட்சை எழுதுகிறான், பாடம் படிப்பதில்லை. வாரத்தில் இரண்டு நாள் பக்கத்தில் வருபவனோடு பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் 30, 40 நிமிடம் போதும். ஒரு நாள் மட்டும் எண்பது வினாடி வேகத்தில் 400 மீட்டர், இரண்டு மூன்று நிமிட ஓய்வு, மறுபடி 400. இப்படி ஐந்து தடவை. ஓய்வு நாளில் உண்மையாகவே ஓய்வெடுங்கள்.

பீமில் கை முழுக்க நீண்டு தொங்க வேண்டும், தாடை கம்பிக்கு மேலே போக வேண்டும். காலை உதறி எழும்புவதை எண்ணிக்கையில் சேர்க்கமாட்டார்கள். ஒன்றுகூட வராதவன் ஸ்டூலில் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேல் வைத்து, ஐந்து வினாடி எண்ணியபடி மெதுவாக இறங்கட்டும். இறங்கும்போதும் அதே தசைதான் வேலை செய்கிறது. நாலைந்து வருகிறவன் ஒரே மூச்சில் உயிரை விடாமல், இரண்டிரண்டாக ஐந்தாறு தடவை, நடுவில் நன்றாக இளைப்பாறிச் செய்யட்டும். இதை வாரம் மூன்று நாள் செய்தால் போதும். மாடிக்குப் போகும் இரும்பு ஏணியில் தொங்குவதென்றால், அது சுவரோடு உறுதியாகப் பிடித்திருக்கிறதா என்று முதலில் ஆட்டிப் பாருங்கள்.

காலுக்கும் எடை வேண்டும், வாரம் இரண்டு நாள், மெதுவோட்டம் முடிந்து சில மணி நேரம் கழித்து. கண்ணாடிக்காகக் கைத்தசையை ஊதவைப்பது மட்டும் இந்த வேலைக்கு ஆகாது. கூடும் ஒவ்வொரு கிலோவையும் நாலு சுற்று சுமந்து ஓடி, பத்துத் தடவை கம்பிக்கு மேலேயும் தூக்க வேண்டும். முட்டை, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, பருப்பு இவற்றை ஒழுங்காகச் சாப்பிட்டால் டப்பா பவுடருக்குப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

பலருக்குக் கெடுவது தசையைவிட எலும்பு. மைதானத் தேர்வுக்கு முன்னால் நடக்கும் கணினித் தேர்வில் தேறிய செய்தி வந்ததும் பதறிப்போய் ஓட்டத்தை ஒரேயடியாக இரட்டிப்பாக்குவார்கள். மூச்சு சில வாரத்தில் பழகிவிடும், எலும்புக்கு அதைவிட அதிக நாளாகும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு புள்ளியில் விரல் வைத்து அழுத்தினால் சுரீரென்கிறதா? ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போங்கள். வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் சின்ன விரிசல் முறிவாகிவிடும். பீம் பயிற்சியைத் தொடரலாம், அதற்குக் கால் வேண்டாம்.

இங்கே எங்கே ஓடுவது என்பதே ஒரு கேள்வி. சீத்தா கேம்ப், 1976இல் அணுசக்தி நிலையத்துக்காக ஜனதா காலனியை அப்புறப்படுத்தியபோது உருவானது. சந்துகளில் இருவர் சேர்ந்தாற்போல் ஓட இடமில்லை. சயான்–டிராம்பே சாலையில் லாரிகளும் டாங்கர்களும். டிசம்பர், ஜனவரி விடியலில் குளிர்காற்று புகையைத் தரையோடு அமுக்கி வைத்திருக்கும், அப்போது வெயில் ஏறிய பிறகு ஓடுவது நெஞ்சுக்கு நல்லது. மற்ற மாதங்களில் விடியலே மேல். எந்த மாதமானாலும் சாலையை விட்டு மைதானத்தின் மண்ணில் ஓடுங்கள்.

  

தேர்வானதும் பையன்கள் ஓட்டத்தை விட்டுவிட்டுக் கல்யாண விருந்துகளில் உட்கார்ந்துவிடுகிறார்கள். உள்ளே போனால் காத்திருப்பது துப்பாக்கியும் சுமையுமாக நீண்ட ஓட்டம்.  கயிறும் ஏற வேண்டும். காலும் மூச்சும் மோதிக்கொள்ளும் ஹிக்சன் சங்கதி அங்கேதான் நிஜமாகிறது. அழைப்பு வரும் வரை வாரம் ஒரு நாள், முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு ஒரு மணி நேரம் வேகமாக நடங்கள். உடம்பு பழகியதும் ஒவ்வொரு கிலோவாக ஏற்றிக்கொள்ளலாம்.