ஆட்டிசம் உள்ள பிள்ளை காலேஜ் போகிறதா? அமெரிக்காவில் குடியேறிய பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

'ஸ்கூல்ல எல்லாத்தையும் அவங்களே பார்த்துக்கிட்டாங்க, காலேஜ்லயும் பார்த்துப்பாங்க.' அமெரிக்காவில் குடியேறி, ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் இப்படி நம்பிவிடுவது எளிது. ஆனால், பள்ளி முடிந்ததும் பிள்ளைக்குப் பொருந்தும் சட்டமே மாறிவிடுகிறது.

பள்ளியில் என்ன நடக்கிறது?

ஐ.டி.இ.ஏ. என்ற மத்திய அரசுச் சட்டப்படி, உதவி தேவைப்படும் மாணவரைக் கண்டறிவது பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பு. மாணவருக்கு ஐ.இ.பி. எனும் தனிக் கல்வித் திட்டம் எழுதப்படும். அந்தக் கூட்டத்தில் பெற்றோருக்கும் இடமுண்டு. ஆங்கிலம் புரியாத பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளரைப் பள்ளியே ஏற்பாடு செய்ய வேண்டும். மாணவருக்கு 16 வயதாகும்போது, பள்ளிக்குப் பிறகு என்ன என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

கல்லூரியில் என்ன மாறுகிறது?

ஐ.இ.பி. அங்கே தொடராது. 1973-ம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-வது பிரிவும், 1990-ல் வந்த ஏ.டி.ஏ. சட்டமும் பாகுபாட்டைத் தடுக்கின்றன. தேர்வுக்குக் கூடுதல் நேரம், சத்தமில்லாத அறை போன்றவற்றைக் கேட்கலாம். ஆனால், மாணவரே போய் 'எனக்கு ஆட்டிசம் இருக்கு' என்று சொல்லி, சான்றுகளைக் கொடுத்துக் கேட்க வேண்டும். யாரும் தேடி வர மாட்டார்கள்.

பெற்றோர் விசாரிக்கலாமா?

கல்லூரியில் சேர்ந்ததும் கல்விப் பதிவுகள் மீதான உரிமை, 1974-ம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி மாணவருக்குப் போய்விடும். பொதுவாக, மாணவர் எழுத்து மூலம் சம்மதித்தால்தான் பெற்றோரிடம் விவரம் சொல்வார்கள்.

சிக்கல் எங்கே?

'நாலு பேருக்குத் தெரிய வேண்டாம்' என்று வீட்டில் பொத்தி வைத்த விஷயத்தை, முன்பின் தெரியாத அலுவலகத்தில் பிள்ளை தனியாகச் சொல்லியாக வேண்டும். அந்த வார்த்தையையே வீட்டில் கேட்காமல் வளர்ந்தவர் தயங்கத்தான் செய்வார். கேட்காமல் விட்டால் உதவியும் கிடைக்காது.

முன்கூட்டியே என்ன செய்யலாம்?

* ஐ.இ.பி. கூட்டத்தில் பிள்ளையையே பேச விடுங்கள். தனக்கு எது கஷ்டம், எது உதவும் என்று சொல்லிப் பழகட்டும்.

* பழைய பரிசோதனை அறிக்கையைக் கல்லூரி ஏற்காமல் போகலாம். எந்தச் சான்று வேண்டும் என்று முன்பே விசாரியுங்கள்.

* வழக்கமான டிப்ளமோ வாங்கிவிட்டால் ஐ.டி.இ.ஏ. உதவி நின்றுவிடும். அதற்கு முன் பள்ளி தர வேண்டிய செயல்திறன் சுருக்க அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

* தகவல் பகிர்வதற்கான சம்மதப் படிவம் பற்றிப் பிள்ளையிடம் பேசுங்கள். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் முடிவு.

இதற்கெல்லாம் முதலில், ஆட்டிசம் என்ற வார்த்தையை வீட்டில் கூச்சமில்லாமல் பேச ஆரம்பிக்க வேண்டும்.