புதரில் மறையும் பன்றிக்கு எந்தக் குண்டு?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நிலக்கடலை, மக்காச்சோளம், சோளம் பயிரிடும் விவசாயிகளுக்குக் காட்டுப்பன்றி பெருந்தொல்லையாக உள்ளது. ஸ்பானியர் கொண்டு வந்த வீட்டுப்பன்றிகள் காடேறிப் பெருகின. 1930களில் வேட்டைக்கென இறக்குமதியான ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளும் இவற்றுடன் கலந்தன. இரவில் வயலைக் கிளறும் கூட்டம் பகலில் மெஸ்கிட் புதர்களில் படுத்துக் கொள்ளும். மெஸ்கிட் என்பது நம் ஊர் சீமைக்கருவேலுக்கு நெருங்கிய உறவான முள்மரம். 2019 செப்டம்பர் முதல் அங்கு தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்துடன் இப்பன்றிகளைச் சுட வேட்டை உரிமம் தேவையில்லை. ஆகவே ரைபிளுக்கு எந்தக் குண்டு ஏற்றது என்பதை விவசாயியும் அறிய வேண்டியுள்ளது.

பழைய நம்பிக்கை

கனமான மொட்டைமுனைக் குண்டு மெதுவாகச் சென்றாலும் புதரைப் பிளந்து செல்லும். இலேசான கூர்முனைக் குண்டு விலகிவிடும் என்பது வேட்டைக்காரர்களின் நெடுநாள் நம்பிக்கை. 1895-ல் வந்த .30-30 தோட்டாவுக்கு (குண்டின் எடை சுமார் 11 கிராம்) இப்படித்தான் 'புதர்த் தோட்டா' என்ற புகழ் கிடைத்தது. உண்மையில் அதன் முனை மழுங்கியிருப்பது புதருக்காக அல்ல. அவ்வகைத் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கூர்முனை, முன்னுள்ள தோட்டாவின் அடியிலுள்ள 'கேப்'பை இடித்தால் வெடித்துவிடக் கூடும்.

விலகுவது ஏன்?

குழலின் உட்புற வரிப்பள்ளங்கள் குண்டைப் பம்பரம் போலச் சுழற்றுகின்றன. அச்சுழற்சியே குண்டின் முனையை நேராக வைத்திருக்கிறது. சுள்ளி தட்டினால் முனை சாய்ந்து தள்ளாடும். குச்சிகளை நட்டுச் சுட்டுப் பார்த்த சோதனைகளில் கனமான குண்டுகளும் விலகியே சென்றன. இலேசான, மிக வேகமான குண்டு சில சமயம் உடைந்தும் போகும்.

குச்சிக்கும் பன்றிக்கும் உள்ள தூரமே முக்கியம். குண்டு 2 டிகிரி விலகினால், குச்சிக்கு 1 மீட்டர் பின்னால் மூன்றரை சென்டிமீட்டர்தான் தவறும். 30 மீட்டர் பின்னால் 1 மீட்டருக்கு மேல் தவறிவிடும். அப்போது பன்றி குடலில் காயம்பட்டு ஓடலாம். குண்டு வேறிடத்தில் மேயும் மாட்டின் மீதும் பாயலாம்.

கவனிக்க வேண்டியவை

1. குண்டைப் புதருக்காக அல்ல, பன்றிக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வளர்ந்த ஆண் பன்றியின் தோளில் கேடயம் போன்ற தடித்த திசு உண்டு. முனை விரிந்தாலும் உடையாமல் ஆழமாகச் செல்லும் குண்டே ஏற்றது.

2. மறுபுறம் துளைத்து வெளியேறும் குண்டு நல்லது. இரத்தத் தடம் தெளிவாக இருந்தால் புதருக்குள் பன்றியை விரைவில் கண்டுபிடிக்கலாம். காயம்பட்ட பன்றி தேடுபவர் மீது பாயக் கூடும்.

3. கிளைகளுக்கிடையே தெளிவான இடைவெளி கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். இல்லையேல் சுடாமல் விடுவதே நலம்.

4. பன்றிக்குப் பின்னால் ஆளோ கால்நடையோ இல்லை என்பது உறுதியாகத் தெரிய வேண்டும்.

நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றிக் காட்டுப்பன்றியைச் சுடுவது குற்றமாகும். பயிர்ச் சேதம் நேர்ந்தால் விவசாயிகள் உடனே வனத்துறையினரை அணுக வேண்டும்.