கோழிக் கொட்டகை: தூண் நடுவதற்கு முன் போனை எடுங்க!

சொந்தமா கொஞ்சம் நிலம் இருக்கு, தண்ணீர் வசதி இருக்கு, கறிக்கோழிப் பண்ணை போடலாம்னு ஒரு யோசனை. அடுத்து நம்மில் பலர் செய்வது என்ன? மேஸ்திரியைக் கூப்பிட்டு "எவ்வளவு ஆகும்?" என்று கேட்பதுதான். கொஞ்சம் பொறுங்க. கொட்டகை எந்த இடத்தில் நிற்கும், எந்தத் திசையில் நீளும் என்ற இரண்டையும் கட்டிய பிறகு மாற்ற முடியாது. தீவனத் தட்டை மாற்றலாம், செலவு செய்தால் கூரையைக்கூட மாற்றலாம். இவை அப்படியில்லை. ஆனால் இந்த இரண்டையும் முன்கூட்டியே சரிபார்க்க உங்க கையில் இருக்கும் போனே பெரும்பாலும் போதும்.

முதலில் இடம். மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் கோழிப்பண்ணை வழிகாட்டு நெறிமுறைகள், புதிய பண்ணை குடியிருப்புப் பகுதியிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. ஆறு, ஏரி, கால்வாய், குடிநீர்க் கிணறு போன்றவற்றிலிருந்து 100 மீட்டர். தேசிய நெடுஞ்சாலையிலிருந்தும் 100 மீட்டர். கூகுள் மேப்பில் உங்க நிலத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஒரு குறி விழும். அதில் தூரத்தை அளக்கும் வசதி இருக்கு. அங்கிருந்து கடைசி வீடு வரைக்கும் அளந்து பாருங்க. கண்ணுக்கு ரொம்ப தூரமாகத் தெரிகிற ஊர், அளந்தால் 300 மீட்டர்தான் இருக்கும்!

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றோம்னா, பண்ணை வந்த பிறகு வரும் புகார்கள் பெரும்பாலும் ஈயும் நாற்றமும்தான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஊர்க்காரர்கள் மனுவோடு கலெக்டர் ஆபீஸில் நிற்கும்போது, வங்கிக் கடன் வாங்கிக் கட்டிய கொட்டகையை இழுத்துக்கொண்டு 200 மீட்டர் நகர முடியாது. காற்றையும் கவனிங்க. பல்லடம், உடுமலைப் பக்கம் ஆடி மாதக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும். அங்கே ஊருக்கு மேற்கே பண்ணை போட்டால் நாற்றம் நேராக ஊருக்குள்தான் போகும்.

அடுத்தது திசை. கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். போனில் இருக்கும் திசைகாட்டியே இதற்குப் போதும். காரணம் எளிது. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்வாக இருக்கும்போது வெயில் சாய்வாக உள்ளே பாயும். நீளப் பக்கம் கிழக்கையும் மேற்கையும் பார்த்து நின்றால் மாலை நாலு மணி வெயில் முழுசாகக் கோழிகள் மேல் விழும். கிழக்கு மேற்காகக் கட்டினால் அந்த வெயில் குறுகலான பக்கச் சுவரோடு நின்றுவிடும். உச்சி வெயிலைக் கூரை பார்த்துக்கொள்ளும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடல் சூட்டைத் தணிக்கும். கத்திரி வெயிலில் விற்பனைக்குத் தயாரான கனத்த கோழிகள்தான் முதலில் விழும், அதாவது தீவனம் எல்லாம் போட்டு முடித்த பிறகு.

இன்னொரு சங்கதி. ஏப்ரல் நடுவில் நம்ம ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, மே மாதத்தில் சற்று வடக்கே நகர்ந்துவிடும். அதனால் தெற்குப் பக்கம் மட்டும் தாழ்வாரம் விட்டால் போதாது. இரண்டு பக்கமும் 3 முதல் 4 அடி வெளியே நீட்டுங்க. மழைச் சாரலுக்கும் அதுதான் பாதுகாப்பு.

அகலத்தில் ஆசைப்படாதீங்க. பக்கவாட்டில் கம்பி வலை போட்ட திறந்தவெளிக் கொட்டகையில் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். அகலம் 30 அடியைத் தாண்டினால் நடுவில் காற்று தேங்கி, எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா கண்ணைக் கரிக்கும். நீளம் உங்க வசதி. ஆழ்கூள முறையில் கறிக்கோழி ஒன்றுக்கு 1 சதுர அடி கணக்கு. 2,000 கோழிக்கு 25 அடி அகலம், 80 அடி நீளம் சரியாக வரும். கோடையில் எண்ணிக்கையைக் குறைத்து விடுவது நல்லது. இரண்டாவது கொட்டகை போடும் எண்ணம் இருந்தால் நடுவில் 50 அடியாவது விடுங்க.

தரையை நிலமட்டத்திலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயர்த்தி சிமெண்ட் போடுங்க. எலி துளைக்காது, மழைத் தண்ணீர் ஏறாது. கூளம் நனைந்தால்தான் ஈ பெருகும், நாற்றமும் வரும். பக்கச் சுவர் ஒன்று, ஒன்றரை அடி போதும், அதற்கு மேல் வலை. ஓலைக் கூரை குளுமைதான், ஆனால் தீக்குப் பயப்படணும். சிமெண்ட் ஷீட் போட்டால் மேலே சுண்ணாம்பு அடியுங்க. வாசலில் கிருமிநாசினி ஊற்றிய கால் நனைக்கும் தொட்டியைக் கட்டும்போதே சேர்த்துக் கட்டிடுங்க.

காகிதங்கள் விஷயத்துக்கு வருவோம். பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாம் வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரத்திலும்' இணையச் சேவையில் கிடைக்கும். வில்லங்கச் சான்றுக்குப் பதிவுத்துறை இணையதளம். பட்டா தாத்தா பெயரில் இருந்தால் முதல் வேலை பெயர் மாற்றம்தான். கடன், மானியம் இரண்டுமே அங்கேதான் தடுக்கும். ஒரே இடத்தில் 5,000 கோழிக்கு மேல் வளர்ப்பதாக இருந்தால், கட்டுவதற்கு முன்பே தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு தேவை. இதற்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். கட்டட அனுமதி பற்றி ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்க. பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்திலிருந்து கொட்டகைக்கு ஒயர் இழுக்காமல் தனி இணைப்பு வாங்குங்க.

சிறிய அளவில் தொடங்குகிறவர்களுக்கு, 250 நாட்டுக்கோழிப் பண்ணை அமைக்க 50 சதவீத மானியம் தரும் திட்டத்தைக் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தி வருகிறது. அதற்குக் குறைந்தது 625 சதுர அடி நிலம் வேண்டும். இந்த ஆண்டு விண்ணப்பம் எப்போது என்பதை உங்க ஊர் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கோங்க.

எல்லாம் முடிவான பிறகு நாலு மூலையிலும் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டுங்க. சாயங்காலம் நாலு மணிக்குப் போய் நில்லுங்க. குச்சியின் நிழல் கிட்டத்தட்ட நீளக் கயிற்றை ஒட்டியே விழுந்தால் மேஸ்திரிக்குப் போன் போடலாம். குறுக்கே விழுந்தால் கயிற்றை அவிழ்த்துத் திருப்பிக் கட்டுங்க, அதற்கு அரை மணி நேரம் ஆகும்.